நெல்லை மிதிக்காத சாரதி

போன வருடம் ஆடியிலிருந்து ஐப்பசி வரை ஒவ்வொரு காலையும் நான் காரின் வலது பக்கக் கதவைத் திறந்து ஏறினேன். உட்கார்ந்ததும் இரண்டு கையும் தானாக முன்னே நீளும். அங்கே ஸ்டீயரிங் இருக்காது. கடதாசிகள் வைக்கிற சின்னப் பெட்டி ஒன்றுதான் இருக்கும். ஸ்டீயரிங் இடது பக்கத்தில், ஊர் லொறியில் கிளீனர் குந்துகிற இடத்தில் இருந்தது. அதற்குப் பின்னால் என் மனைவி நேசமலர் இருந்தாள். பெல்ட்டைப் போட்டு, கண்ணாடியைச் சரிபார்த்து, "போவமா?" என்று கேட்பாள். இருபத்தெட்டு வருடம் லொறி ஓட்டியவனைப் பார்த்து, ஊரில் சைக்கிள்கூட மிதித்தறியாத ஒருத்தி "போவமா?" என்று கேட்பாள். கனடாவின் குளிரைப் பற்றி வந்தவர்கள் எல்லோரும் எழுதிவிட்டார்கள். இந்த வலது பக்கத்து ஆசனம் ஒரு மனிதனை எப்படிச் சுடும் என்பதை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் பழுகாமம். வாவிக்கு மேற்கே கிடக்கும் வயல் வட்டைகளில் வேளாண்மை வெட்டி முடிந்ததும், நெல் மூட்டைகளை ஏற்றி ஓட்டமாவடி ஆலைகளுக்குக் கொண்டு போவது என் தொழில். பட்டிருப்புப் பாலத்தில் வாவியைக் கடந்து, செங்கலடிச் சந்தியில் ஒரு தேத்தண்ணீர் குடித்து, பின்னேரத்துக்குள் நெல்லை இறக்கிவிடுவேன். லொறியின் சொந்தக்காரர் ஓட்டமாவடியில் ஒரு ஹாஜியார். "வரதன் ஓடினா மூட்டைக்கு நோகாது" என்று நாலு பேருக்கு முன்னால் சொல்வார். மகள் கலியாணம் முடித்துக் கனடாவுக்கு வந்து, பிறகு எங்கள் இருவரையும் கூப்பிட்டாள். வந்த மாதமே லைசன்ஸ் அலுவலகத்துக்குப் போய் என்னுடைய பழைய அனுமதிப்பத்திரத்தை நீட்டினேன். கவுண்டரில் இருந்த பெண் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, "அழகாக இருக்கிறது, பத்திரமாக வைத்திருங்கள்" என்று சொல்லித் திருப்பித் தந்தாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நன்றி சொன்னேன். அது இங்கே செல்லாது, எழுத்துப் பரீட்சை, ஓட்டிக் காட்டுகிற பரீட்சை எல்லாம் புதிதாக எடுக்க வேண்டும் என்பதை மகள் வெளியே வந்த பிறகுதான் எனக்கு விளங்கப்படுத்தினாள்.

அம்மாவும் பழகட்டும் என்று சொன்னதும் அவள்தான். "உன்ட அம்மாவுக்கு வலம் இடமே தெரியாது புள்ள" என்று நான் சிரித்தேன்.  எங்களுக்குப் பழக்கியவர் யாழ்ப்பாணத்துக்காரர், அங்கே கணக்குப் படிப்பித்தவர், எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரே காரில் இருவருக்கும் மாறி மாறிப் பழக்கினார். என் முறை வந்தால் இடது கை இல்லாத கியரைத் தேடிப்போய்க் கதவில் இடிக்கும். சிக்னல் போட நினைத்தால் கண்ணாடி துடைக்கிற தடி ஆடும். வெயில் கொளுத்தும் நேரத்தில் அது இரண்டு பக்கமும் வீச்சாக ஆட, பின்னால் இருந்த நேசம் வாயைப் பொத்திக்கொள்வாள். அவள் முறை வந்தால் மாஸ்டர் சொன்னதை அப்படியே செய்வாள், அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. "அக்காவுக்குப் பழகினாச் சரி, அண்ணைக்கு முதலிலை மறக்கவெல்லோ வேணும்" என்று மாஸ்டர் ஒரு நாள் சொன்னார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அதனால்தான் கூடச் சுட்டது.

முதல் பரீட்சை பனி கரைந்த பிறகு வந்தது. என்னைப் பரீட்சித்தவள் நரைத்த தலையும் பெரிய மூக்குக்கண்ணாடியும் உள்ள ஒரு பெண். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஒரு வளைவில் முன்னால் ஒரு பொடியன் சைக்கிளில் போனான். நான் அவனை முந்துவதற்கு முன் ஹோர்னை மெல்ல இரண்டு தரம் தட்டினேன். ஊரில் அது மரியாதை. தம்பி, பின்னால் வருகிறேன், பயப்படாதே என்று அர்த்தம். ஹோர்ன் அடிக்காமல் முந்துகிறவனைத்தான் நாங்கள் கொலைகாரன் என்போம். பொடியன் திரும்பிப் பார்த்து, நடுவிரலைக் காட்டினான்.

"அவர் என்ன பிழை செய்தார்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ஒரு பிழையும் இல்லை. நல்ல பிள்ளை" என்றேன்.

அவள் எழுதத் தொடங்கினாள். நான் ஃபெயில்.

ஆடி மாதம் நேசம் முதல் தடவையிலேயே பாஸ் பண்ணிவிட்டாள். மகள் கேக் வாங்கி வந்தாள். நானும் சிரித்துக்கொண்டு ஒரு துண்டு தின்றேன். வயிறு எரிந்தது என்று சும்மா சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். உண்மையாகவே எரிகிறது, வலது பக்கம், ஈரலுக்குக் கிட்ட. பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்துப் பொறாமைப்பட்டால் வேலியை உயர்த்திக் கட்டலாம். கட்டிலில் பக்கத்தில் படுத்திருப்பவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டால் என்ன செய்வது? நான் பிழை பிடிக்கத் தொடங்கினேன். "பிரேக்க அமத்து", "அங்கால பாத்து", "இவ்வளவு மெதுவாப் போனா நாளைக்குத்தான் போய்ச் சேருவம்" என்று வலது பக்கத்தில் இருந்து ஓயாமல் சொன்னேன். ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம், எனக்கு ஆடவே இடம் கிடைக்கவில்லை, ஆடுகிறவளின் கூடத்தைக் கோணல் என்றேன். "நீங்க பேசாம வாங்க, எனக்குக் கை நடுங்கிது" என்பாள். அவளுடைய கை நடுங்கவே இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

நாங்கள் இருவரும் ஒரே பேக்கரியில் பாணைப் பெட்டியில் அடுக்குகிற வேலை. அங்கே பாண் கொண்டு போகும் வானுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் ஊரில் லொறி ஓட்டினேன் என்பது எல்லோருக்கும் தெரியும், நான்தான் எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். அதனால் மேற்பார்வையாளர் முதலில் என்னைத்தான் கேட்டார், லைசன்ஸ் எடுக்கும்வரை பொறுக்கிறேன் என்றார். ஆவணி போய்ப் புரட்டாதியும் வந்ததும் அவர் நேசத்தைக் கேட்டார். அவள் என்ன சொன்னாள் என்று அவர் வாயாலேயே கேள்விப்பட்டேன். "அது அவருக்குத்தான். அவர் எடுக்கட்டும்" என்றாளாம். அவள் அந்த வேலையைத் தட்டிப் பறித்திருந்தால்கூட எனக்குச் சண்டை பிடிக்க ஒரு காரணம் கிடைத்திருக்கும். விட்டுக்கொடுத்துவிட்டு வந்து வழக்கம்போல "போவமா?" என்றாள். பனிக்காலத்துக்கு முன் நான் எடுக்காவிட்டால் வான் வேறொருவனுக்குப் போய்விடும் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. பெரும்போக வெட்டு முடிந்த காலத்தில் எங்கள் பக்கத்து வீதிகளில் பாதி வீதிதான் வாகனத்துக்கு. மற்றப் பாதியில் நெல் காயும். வீதியின் தார் சூட்டுக்கு ஈடான களம் எங்கே கிடைக்கும்? நாலு கல்லையும் ஒரு கொப்பையும் அடையாளத்துக்கு வைத்துவிட்டு, வீட்டில் ஓர் ஆள் காவல் நிற்கும். அந்த நெல்லில் சில்லை ஏற்றுகிறவன் சாரதி இல்லை. இதை எந்தப் பரீட்சையிலும் கேட்க மாட்டார்கள், ஆனால் அதில் ஒருவன் ஃபெயிலானால் ஊரில் அவனுக்கு யாரும் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார்கள். ஒரு நாள் பாரம் ஏற்றிக்கொண்டு நெல்லுக்கு விலகி வலது பாதியில் வந்தேன். எதிரே வளைவில் ஓர் உழவு மெஷின் தோன்றியது. இடது பக்கம் ஒடித்திருந்தால் ஒரு கரைச்சலும் இல்லை, நெல் மட்டும்தான் நெரிந்திருக்கும். நான் வலது பக்கம் ஒடித்தேன். முன்சில்லு இரண்டும் வீதியோரத்து வடிகாலான கானுக்குள் இறங்கின. நெல்லுக்குக் காவல் நின்ற பெட்டை கம்போடு வந்து, கானுக்குள் கிடந்த லொறியையும் என்னையும் பார்த்தாள். "ஏன் அண்ணே, ஹோர்ன் அடிச்சா நான் கூட்டி ஒதுக்கியிருப்பனே" என்றாள். ஆட்களைக் கூட்டி வந்து, சில்லுக்குக் கீழே போட வைக்கோலும் கொண்டு வந்தவள் அவள்தான். அதற்கு முந்திய கிழமை தன் நெல்லில் ஏறிப் போன மோட்டார் சைக்கிள்காரனுக்கு விளக்குமாற்றால் எறிந்தவளும் அவள்தான் என்று பிறகு சொன்னார்கள். எங்கள் கலியாணப் பேச்சு அந்தக் கானில்தான் தொடங்கியது.

இரண்டாவது பரீட்சை ஐப்பசியில். அதே பெண், அதே மூக்குக்கண்ணாடி. நான் ஹோர்னில் கையே வைக்கவில்லை. ஸ்டொப் பலகை கண்ட இடமெல்லாம் ஆள் இல்லாவிட்டாலும் நின்றேன். கடைசியில் வீடுகள் மட்டும் உள்ள ஒரு தெருவுக்குள் திரும்பச் சொன்னாள். இங்கே மரத்துச் சருகை வாரி வீதி ஓரத்தில் போடுவார்கள், லொறி வந்து அள்ளிக்கொண்டு போகும். அன்றைக்குக் காற்று அதைப் பாதி வீதிக்குப் பரப்பியிருந்தது. சாய்ந்த வெயிலில் பொன்னாக, ஒரே சீராக, காய்ந்து கிடந்தது. நான் யோசிக்கவில்லை, யோசித்திருந்தால் பிழைத்திருப்பேன். கை தானாக ஒடித்தது. சிக்னல் இல்லை, கண்ணாடி பார்க்கவில்லை, எதிர்ப் பக்கத்துக்குப் போய், நெல்லில் படாமல், முழு நீளத்தையும் கடந்து திரும்பி வந்தேன். எதிரே வந்த கார் நின்று ஹோர்ன் அடித்தது.

"ஏன் அந்தப் பக்கம் போனீர்கள்?" என்றாள் அந்தப் பெண்.

"ரைஸ்" என்றேன்.

அவள் திரும்பிப் பின்கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தாள். "சேர், அது சருகு."

"ஓம், இங்கே சருகு. எங்கள் ஊரில் ரைஸ்."

நெல்லுக்கும் அரிசிக்கும் சோற்றுக்கும் இவர்களிடம் அந்த ஒரு சொல்தான். வீதி முழுக்கச் சோற்றைக் கொட்டி வைக்கிற ஒரு நாட்டை அவள் அன்றைக்கு நினைத்திருப்பாள். பாவம், நெடுநேரம் எழுதினாள்.

வீட்டில் உண்மையைச் சொல்லவில்லை. காரை இரண்டு காருக்கு நடுவில் நிறுத்தச் சொன்னார்கள், அதில் பிழை விட்டுவிட்டேன் என்றேன். நெல்லால் ஃபெயிலானேன் என்று வேறு யாரிடமும் சொல்லலாம். அந்த நெல்லைக் காத்தவளிடம், முதல் தடவையிலேயே பாஸ் பண்ணியவளிடம் எப்படிச் சொல்வது? அடுத்த நாளிலிருந்து அவளுடைய காரிலும் ஏறவில்லை. எனக்கு நடை நல்லது என்று டொக்டர் சொன்னதாக ஒரு பொய் சொல்லிவிட்டு, மூன்று கிழமை தரிப்புவரை நடந்து பஸ்ஸில் வேலைக்குப் போனேன். பஸ் தரிப்பில் நான் குளிரில் நிற்க, அவள் கடந்து போகும்போது வேகத்தைக் குறைப்பாள். நான் வேறு பக்கம் பார்ப்பேன். ஐம்பத்திரண்டு வயது மனிதன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கோபித்துக்கொண்டு நின்றதை இப்போது எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது பரீட்சைக்குக் கார் வேண்டும், அதனால் நேசம்தான் என்னைக் கூட்டிப் போனாள். பெரிய வீதியால் போனோம். "கோயிலுக்கு நேந்திரிக்கன், பயப்படாதீங்க" என்றாள். பரீட்சையில் அந்தப் பெண் இந்தத் தடவையும் அதே வீட்டுத் தெருவுக்குள் திருப்பினாள். சருகு இன்னும் கிடந்தது. தூரத்திலேயே கண்டேன். கை ஒடிக்கப் பார்த்தது, நான் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தேன். சில்லு ஏறியது. காய்ந்தது நெரிகிற சத்தம் காலுக்குக் கீழே தொடங்கி, அந்தத் தெரு முடியும்வரை கேட்டது. இருபத்தெட்டு வருடத்தில் நான் கேட்டறியாத சத்தம். நிறுத்தியதும் அவள் கடதாசியை மடித்துக்கொண்டு சிரித்தாள். "இன்றைக்கு ரைஸ் இல்லையா?"

"இருந்தது. ஏறி வந்துவிட்டேன்" என்றேன்.

அவள் அதைப் பகிடி என்று நினைத்தாள். பாஸ்.

வெளியே நேசம் என் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டாள். கார்த் திறப்பை நீட்டினாள். "இந்தாங்க. இனி நீங்கதான்." ஒரு வருடம் நான் கனவு கண்ட திறப்பு அது. ஆனால் காதில் அந்த நெரிகிற சத்தம் இன்னும் ஓயவில்லை. "நீயே ஓட்டு, களைப்பா இரிக்கு" என்று வலது பக்கம் ஏறிக்கொண்டேன். சந்தோசத்திலோ என்னவோ, அவள் பெரிய வீதியை விட்டு அந்த வீட்டுத் தெருவால் திருப்பினாள். சருகுக்குக் கிட்டப் போனதும் என் வலது கால் தானாக அழுத்தியது, அந்தப் பக்கம் பிரேக் ஏது? அவள் கண்ணாடியைப் பார்த்தாள். சிக்னலைப் போட்டாள். தோளைத் திருப்பிப் பார்த்தாள். எதிரே வந்த ஒரு கார் போகும்வரை நின்றாள். பிறகு மெதுவாக மற்றப் பக்கத்துக்கு ஏறி, ஒரு சருகிலும் சில்லுப் படாமல் சுற்றி, மறுபடியும் சிக்னல் போட்டுத் தன் பக்கத்துக்கு வந்தாள்.

"ஏன் நேசம் சுத்திப் போனாய்?"

"பின்ன, ஏறிப் போறதா?"

"அது சருகு."

"சருகெண்டு எனக்குத் தெரியாதா? மனம் வரல்ல. இந்த மாதம் முழுக்க இப்பிடித்தான் போறன். சிக்னல் போட்டுப் போனா ஆருக்கு நட்டம்?"

 அந்தத் தெருவில் நான் ஃபெயிலானதையும் சொல்லவில்லை, பாஸானதையும் சொல்லவில்லை. இப்போது நான் பேக்கரி வான் ஓட்டுகிறேன், நன்றாகவே ஓட்டுகிறேன், பாணுக்கு நோகாது. ஆனால் அன்றைக்கு அந்த வலது பக்கத்து ஆசனத்தில் வந்த பொறாமை, கேக் தின்ற நாளில் வந்ததைவிடப் பெரியது, அது இன்னும் போகவில்லை. அவள் லைசன்ஸும் எடுத்தாள், நெல்லையும் மிதிக்கவில்லை. நான் மிதித்துத்தான் எடுத்தேன்.