எடைக்கு எடை ஒரு குறுக்குவில்

வெங்கடராகவனுக்குப் பேர், வேலை, நெற்றியில் இடும் திருமண் எல்லாமே அவர் பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிட்டவை. ஐம்பது வயதுக்கு மேல், தானாகத் தேர்ந்தெடுத்தது என்று ஒன்றாவது இருக்கவேண்டும் என்று தோன்றியது. திருப்பதியில் புதிதாகக் குறுக்குவில்லுக்கு, அதாவது துப்பாக்கிபோல் பிடித்து அம்பு எய்யும் வில்லுக்கு, ஒரு கிளப் தொடங்கியிருந்தார்கள். அதில் சேரப்போவதாக அறிவித்தார். மனைவி வேதா சரி என்று தலையாட்டினாள். அவள் தம்பி கேசவ் மட்டும் சிரித்தான்.

"அத்திம்பேர், கொசுவையே நீங்க கும்பிட்டுத்தானே அனுப்புவேள்!"

அந்தச் சிரிப்புக்குப் பிறகு சேராமல் இருக்க வழியில்லை.

விளையாட்டுச் சாமான் கடை ஹரிபாபு, மூன்று விற்களை எடுத்து வைத்தான். நாற்பது, நூற்று முப்பது, நூற்று அறுபத்தைந்து பவுண்டு.

"இது டிரா வெயிட் சாமி. மொதல்ல சின்னதா எடுத்துக்கினு போங்க."

திருமலையில் துலாபாரத் தட்டருகே பல வருஷமாக நிற்பவர் வெங்கடராகவன். ஒரு தட்டில் பக்தர், மறு தட்டில் சர்க்கரையோ அரிசியோ. எடை என்றால் ஆளின் எடைக்குச் சமமாக நிற்கவேண்டியது. வேறு அர்த்தம் அவருக்குத் தெரியாது.

"நான் எழுபத்தஞ்சு கிலோ. பவுண்டுல எவ்வளவு?"

ஹரிபாபு போனில் தட்டிப் பார்த்தான். "நூத்தி அறுபத்தஞ்சு."

"பார்த்தியா, பொருந்திடுத்து! நாப்பதுன்னா கால்வாசிகூட இல்லையேப்பா. குறைச்சலா வைக்கப்படாது."

"சாமி, அது ஆளு வெயிட்டு இல்ல…"

வெங்கடராகவன் அதற்குள் பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டார். விளக்கம் கேட்கும் நேரத்தில் முடிவெடுத்துவிடுகிறவர்கள் உலகில் அதிகம். அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை.

ஞாயிறன்று கிளப் மைதானத்துக்குக் கேசவும் வேடிக்கை பார்க்க வந்தான். பயிற்சியாளர் ஸ்ரீதேவி விதியைச் சொன்னாள்: நாணைத் தன் கையாலேயே இழுத்துக் கொக்கியில் மாட்டி எய்தால்தான் உறுப்பினர்.

வெங்கடராகவன் வில்லின் முனையிலிருந்த வளையத்தில் காலை நுழைத்து, குனிந்து நாணைப் பிடித்து இழுத்தார். நாண் நகரவில்லை. மறுபடி இழுத்தார். வேட்டி நகர்ந்தது.

"பெருமாளே!"

"அவரையே கூப்பிட்டுடுங்கோ அத்திம்பேர், அவர்தான் இழுக்கணும்."

"சார், ஆகண்டி!" என்று ஓடிவந்து தடுத்தாள் ஸ்ரீதேவி. "யார் இவ்ளோ பெருசு வாங்கச் சொன்னது?"

"என் எடைக்கு எடை, அம்மா."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். "சார், டிரா வெயிட்னா நாணை இழுக்க வேண்டிய பலம். உங்களையே ஒரு மூட்டையா கட்டி வெச்சு, நீங்களே தூக்குற மாதிரி. தூக்குவீங்களா?"

வெங்கடராகவன் தன்னை மூட்டையாகக் கற்பனை செய்து பார்த்தார். தூக்கமுடியாது என்பதில் சந்தேகமே இல்லை.

குழந்தைகள் பழகும் நாற்பது பவுண்டு வில்லை நீட்டினாள். அதை வாங்கினால் கேசவ் ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பான். வாங்காவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஒரு நிமிஷம் நின்றார். பிறகு வாங்கினார்.

நாண் முனகிக்கொண்டே கொக்கியில் ஏறியது. அம்பு பலகையின் ஓரத்தில் குத்தி நின்றது. பிரமாதம் என்று சொல்லமுடியாது. பலகைக்கு வெளியே போகவில்லை, அவ்வளவுதான்.

வேதா போனில் கேட்டாள். "ஏன்னா, சேர்த்துண்டாளா?"

"சேர்த்துண்டா."

"எந்தக் கோஷ்டியில?"

"பன்னிரண்டு வயசுக்குள்ள," என்றார். "புதன்கிழமை போட்டி. எதிர்ல ஒரு பொண்ணு, பல்லு விழுந்திருக்கு. ரொம்ப நன்னா எய்யறா."