இரண்டாவது செக்கப்

அலுவலகத்தில் அவருக்குப் 'பல் டாக்டர்' என்று பெயர். ஆயுளில் ஒருவர் பல்லையும் அவர் தொட்டதில்லை. கம்பெனிகள் தங்கள் ஊழியர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் பல் காப்பீட்டுத் திட்டங்களை வடிவமைப்பதுதான் அவர் வேலை. எந்தச் சிகிச்சை உண்டு, எது கிடையாது, சேர்ந்து எத்தனை மாதம் கழித்து உண்டு என்பதெல்லாம் அவர் கையில். ஆனாலும் வாசல் காவலாளி அவரைக் கண்டால் கடைவாயை விரலால் இழுத்துக் காட்டி, "இதைக் கொஞ்சம் பாருங்க டாக்டர்" என்பார். அவரும் தலையைச் சாய்த்து எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க ஏஜென்சி நம்ம திட்டத்துல இல்லையே, எனக்குக் கண்ணு தெரியாது" என்பார். தினமும் நடக்கும் இந்தக் கூத்து இருவருக்கும் அலுக்கவில்லை.

ஒரு திட்டம் என்பது பூட்டி எடுத்துப்போகும் பெட்டி என்பார் அவர். பெட்டி பெரிதாகாது. புதிதாக ஒன்றை உள்ளே வைத்தால் பழையதில் ஒன்று வெளியே வரும். எது வெளியே வரலாம் என்று தெரிந்துகொள்வதுதான் தொழில். இன்னொன்றும் சொல்வார்: ஒரு ஆளை மனதில் வைத்துத் திட்டம் போடக் கூடாது.

வீட்டில் அவர் போட்டதுதான் சட்டம். கம்பெனி, தான் விற்பதையே தன் ஊழியர்களின் குடும்பத்துக்கும் கொடுத்தது. வருஷத்துக்கு இரண்டு செக்கப். அவர் மனைவி பேருந்து நிறுவனத்தில் கால அட்டவணை போட்டு ஓய்வுபெற்றவர். வெயில் காலத்தில் ஒரு முறை, மழைக்காலத்தில் ஒரு முறை, கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பல் வலிக்கிறதா என்று கேட்டால், "வலிச்சாத்தான் போகணுமா? ரெண்டுன்னு நீங்க எழுதி வெச்சிருக்கீங்க, நான் ரெண்டு தடவை போறேன்" என்பார்.

பிறகு சந்தை மாறியது. கம்பெனிகளில் இளவட்டங்கள் நிறைந்தார்கள். வந்தவர்களைத் தக்கவைத்துக்கொள்வது முதலாளிகளுக்குப் பெரும்பாடாக இருந்தது. வேர் சிகிச்சை உண்டா, பல் செட் உண்டா என்று இப்போது யாரும் கேட்பதில்லை. பல்வரிசையை நேராக்க, வெளியே தெரியாத கிளிப் உண்டா என்றுதான் கேட்டார்கள். போட்டிக் கம்பெனி அதைக் கொடுக்க ஆரம்பித்தது. இவர்களுடைய விற்பனைத் தலைவி, கெட்டிக்காரப் பெண், தினம் ஒரு வாடிக்கையாளரை இழந்துவிட்டு வந்து இவர் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

அவர் ஏனோதானோ என்று எதையும் செய்கிறவர் அல்ல. பல வருஷத்துப் புள்ளிவிவரத்தை அலசினார். இரண்டாவது செக்கப்புக்குப் போகிறவர்கள் கொஞ்சம் பேர், அதுவும் வயதானவர்கள். போனவர்களில் அநேகமாக எல்லோருக்கும் 'ஒன்றுமில்லை' என்றே முடிவு வந்திருந்தது. ஆலோசகராக இருந்த நிஜப் பல் டாக்டரும் பெரும்பாலோருக்கு ஒன்று போதும் என்றார். இரண்டாவது செக்கப் வெளியே வந்தது. கிளிப் உள்ளே போனது. திட்டம் சூடாக விற்றது.

திட்டம் முடிவான அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னார். மனைவி ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏன், ரெண்டாவது தேவையில்லையா?"

"பெரும்பாலானவங்களுக்குத் தேவைப்படறதில்ல."

"அப்ப சரி" என்று மனைவி எழுந்து போய், காலண்டரில் மழைக்காலத்துப் பக்கத்தில் போட்டிருந்த வட்டத்தை அடித்துவிட்டு வந்தார்.

அடுத்த வெயில் காலத்தில் செக்கப்புக்குப் போனபோது, நாக்கின் ஓரத்தில், பின்பக்கமாக ஒரு புண் இருப்பதை டாக்டர் பார்த்தார். எப்போதிருந்து என்று கேட்டதற்கு மனைவி, "மழைக்காலத்துலேர்ந்தே உறுத்துச்சு. செக்கப் வருதே, அப்பச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்" என்றார். பக்கத்து நாற்காலியில் கணவர் உட்கார்ந்திருந்தார். இடையில் ஒரு நாள் போய்ப் பார்க்க யாரும் தடை போடவில்லை. ஆனால் அந்த வீட்டில் யாருக்கும் அது தோன்றவில்லை.

புற்றுநோய். அறுவை சிகிச்சையில் நாக்கில் பாதி போயிற்று. மகள் லிப்ட் பழுதாய்வு செய்கிறவள். லிப்ட் விழுந்தால் எந்த போல்ட் முதலில் விட்டது என்று கண்டுபிடித்துச் சொல்வாள். அறுவை சிகிச்சை நிபுணரை நடைக்கூடத்தில் நிறுத்தி, ஆறு மாதம் முன்னால் பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று நேராகக் கேட்டாள். "இருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றார் நிபுணர். மகள் அப்பா பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் பரவாயில்லை என்று அவருக்கு இருந்தது.

திட்டத்தை ஆண்டுதோறும் திருத்தும் நேரம் வந்தது. மனைவிக்கு அப்போது பேச்சு குழறும். மெதுவாகச் சொன்னால் அவருக்கு மட்டும் புரியும்.

"அதைத் திரும்பச் சேத்துடுங்க. எனக்கில்ல. என்னை மாதிரி, சொன்னபடி கேக்கறவங்களுக்கு."

சேர்த்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

கூட்டத்தில் பெட்டியைத் திறந்து வைத்தார். கிளிப்பைக் கொஞ்சம் சுருக்கினால் இரண்டாவது செக்கப்புக்கு இடம் வரும் என்று காட்டினார். வந்திருந்த பெரிய வாடிக்கையாளரின் மனிதவள அதிகாரி, மரியாதையான இளைஞன், தன் ஆட்கள் யாரும் முப்பதைத் தாண்டாதவர்கள், வருஷத்தில் ஒரு தடவை அனுப்பவே கெஞ்ச வேண்டியிருக்கிறது என்றான். கிளிப் சுருங்கினால் அடுத்த கம்பெனியைப் பார்க்க வேண்டிவரும் என்றும் சொன்னான். அவன் சொன்னது முழுக்க நியாயம். புள்ளிவிவரம் அவன் பக்கம் இருந்தது. அதைத் தயாரித்தவரே இவர்தான். இவரிடம் இருந்தது ஒரே ஒரு ஆள். அந்த ஒரு ஆளைச் சொல்ல வாயெடுத்தார், பிறகு டம்ளரை எடுத்தார். தண்ணீர் குடித்தார்.

கூட்டம் முடிந்ததும் விற்பனைத் தலைவி கதவருகே நின்றாள். அவளுக்கு விஷயம் தெரியும்.

"சார், எனக்குப் புரியாம இல்ல. ஆனா ஒரு ஆளை வெச்சுன்னு நீங்கதானே..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் அவர் கையைத் தொட்டுவிட்டுப் போனாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி அவர் முகத்தைப் பார்த்தார். "முடியலயா?" என்றார். அவர் செருப்பைக் கழற்றுவதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டார். மனைவி கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து அவருக்கு உட்கார இடம் விட்டார்.

மழை தொடங்கும் முன்பே மனைவி இறந்துபோனார்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், மகள் அப்பாவைப் பல் டாக்டரிடம் அழைத்துப்போனாள். அந்த வருஷத்துக்கான ஒரு தடவை அவர் ஏற்கெனவே போயாகிவிட்டது. வரவேற்பில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"இனி அடுத்த வருஷம்தான் சார் உங்களுக்கு. திட்டத்துல ஒண்ணுதான் இருக்கு."

"தெரியும்மா. நான் போட்டதுதான்."

அவள் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள். திட்டம் கிடக்கட்டும், டாக்டர் பார்த்தால் போதும் என்றாள் மகள்.

உள்ளே டாக்டர் பஞ்சுத்துணியால் நாக்கைப் பிடித்து இழுத்து, இந்த ஓரம், அந்த ஓரம், அடிப்பக்கம் என்று நிதானமாகப் பார்த்தார். விளக்கைச் சாய்த்து மறுபடியும் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல சார். சுத்தமா இருக்கு."

அவர் வாயை மூடவில்லை.

"முடிஞ்சுது சார். மூடிக்கலாம்" என்றார் டாக்டர். மகள் வந்து தோளைத் தொட்டாள். "அப்பா" என்றாள். விளக்கு அணைந்த பிறகும் அவர் அப்படியே இருந்தார்.