திருப்பி அனுப்பிய பிரியாணி

ஆம்பூரில் எங்கள் தெருவில் பகலில் வீட்டில் இருக்கும் ஆண்கள் குறைவு. அவர்களில் ஒருவர் உமர் ஃபாரூக். ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் கட்டிங் பிரிவில் இருந்தவர். அவருடைய தந்தை அப்துல் சமதுக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் முக்கால்வாசி போனபோது வேலையை விட்டார்.

மருமகள் இரம் பார்த்துக்கொள்வாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பெரியவர் ஒப்பவில்லை. கஞ்சி ஊட்டினால் வாங்கிக்கொள்வார். லுங்கியை மாற்றப் போனால் இடது கையால் தட்டிவிடுவார். ஒருமுறை ஃபாரூக் வேலூர் வரை போய்த் திரும்ப மாலையாகிவிட்டது. அதுவரை சிறுநீரை அடக்கிக்கொண்டே கிடந்தார். அதில் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு ஏற்பாடு மாறியது. இரம் அதே கம்பெனியில் தையல் பிரிவில் சேர்ந்தாள். காலையில் கம்பெனி பஸ் அவளை ஏற்றிக்கொண்டு போகும். ஃபாரூக் வாசலிலிருந்து உள்ளே திரும்புவார்.

உடம்பு துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, மடங்கிப்போன விரல்களை நீவி விரிப்பது எல்லாம் அவருக்குப் பழகிவிட்டன. சமையலும் பழகியது. தெருவில் காய்கறி விற்கும் தேவகி, “இன்னா பாய், இன்னிக்கு இன்னா கொழம்பு?” என்று வேண்டுமென்றே சத்தமாகக் கேட்பார்.

“உன் கத்திரிக்காயைப் பாத்தா கொழம்பு வெக்கத் தோணல தேவகிம்மா. அதையும் அப்பா பக்கத்துல படுக்கவெச்சி நான்தான் பாத்துக்கணும் போல.”

பழகாமல் இருந்தது ஒன்றுதான். முன்பெல்லாம் யார் வீட்டுக் கல்யாணமானாலும் பந்தியைப் பார்ப்பது ஃபாரூக்தான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே நடப்பார். சாப்பிடுகிறவர்கள் வாய் திறந்து கேட்க விடமாட்டார். இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. பாவம், அவரால் எங்கே வர முடியும் என்று பத்திரிகையை இரமிடம் கொடுத்துவிடுவார்கள். கல்யாணத்தன்று பிரியாணி பார்சல் வந்துவிடும். பார்சலுக்குக் குறையே இல்லை.

இன்பசேகரனும் அப்படிச் செய்வார் என்று ஃபாரூக் நினைக்கவில்லை. கட்டிங்கில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேஜை. இன்பசேகரனின் மகள் கேத்தரினுக்குக் கல்யாணம் நிச்சயமானது தெரிந்ததும், ஃபாரூக் பீரோவிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரிக்குக் கொடுத்தார். அன்று அப்பாவுக்குத் துணையாக ஓர் ஆண் வேண்டும். இன்பசேகரன் அழைக்க வரும்போது அவரிடமே கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தார். பத்திரிகை கம்பெனி வாசலில் இரம் கைக்கு வந்தது.

கல்யாணத்துக்கு இரம் மட்டும் போனாள். மதியம் மணப்பெண்ணின் அண்ணன் நெல்வின், கோட்டைக்கூடக் கழற்றாமல், அடுக்கு கேரியரோடு பைக்கில் வந்து இறங்கினான்.

“எடுத்துட்டுப் போப்பா. பாய்க்குப் பசிக்கலைன்னு உங்கப்பாகிட்ட சொல்லு” என்றார் ஃபாரூக்.

சாயங்காலம் இன்பசேகரனே வந்தார். பட்டு வேட்டி கசங்கியிருந்தது.

“சோத்தைத் திருப்பி அனுப்புற அளவுக்கு நான் இன்னா பண்ணிட்டேன் பாய்?”

“பத்திரிகை குடுக்கல.”

“உன் வீட்டுக்காரம்மாகிட்ட குடுத்தேனே.”

“அவளுக்குப் பத்திரிகை குடுத்த. எனக்கு கேரியர் குடுத்த.”

“நீ எப்படி வருவ? பெரியவரை விட்டுட்டு வர முடியுமா? உனக்கு ஏன் பேஜார்னுதான்…”

“வர முடியாதுன்னா அதை நான் சொல்லணும் சேகரு. நீயே சொல்லிக்கிட்ட.” ஃபாரூக் குரலை உயர்த்தவில்லை. “சோறு எடுத்துட்டு உன் பையன் வந்தான் இல்ல? அவனை ஒரு மணி நேரம் இங்க உக்கார வெச்சிருந்தா, நான் அங்க வந்து பந்தி பாத்திருப்பேன். எல்லாரும் சோறு அனுப்புறாங்க. ஆளு அனுப்ப ஒருத்தருக்கும் தோணல.”

இன்பசேகரன் நாற்காலியில் உட்கார்ந்தார். “கடைசிப் பந்தியில பாதிப் பேருக்குக் கறியே போகல. மாப்ள வூட்டுக்காரங்க மூஞ்சைப் பாக்க முடியல” என்றார்.

“கேள்விப்பட்டேன். இரம் சொன்னா.”

உள்ளேயிருந்து பெரியவர் முனகும் சத்தம் வந்தது. ஃபாரூக் எழுந்தார். இன்பசேகரன் அவர் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு, “யூரின் பாட்டில் எங்க இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார். பெரியவர் இடது கையை ஓங்கினார். ஆளைப் பார்த்துவிட்டு இறக்கினார். இன்பசேகரன் பாட்டிலைத் தலைகீழாகச் சாய்த்துப் பிடித்ததில் பட்டு வேட்டி நனைந்தது. பெரியவரின் வாய் ஒரு பக்கமாகக் கோணி, தோள் குலுங்கியது. அவர் சிரித்து நாளாகியிருந்தது.

“பாய், உங்கப்பா சிரிக்கிறாரு.”

“பின்ன, கட்டிங்ல கத்தியையும் நீ இப்படித்தான் புடிப்ப.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்பசேகரன் வீட்டில் மறுவீட்டு விருந்து. அதற்கு முன் நெல்வின் தினமும் மாலையில் வந்து, பெரியவரைப் புரட்டவும் பாட்டில் வைக்கவும் ஃபாரூக் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டான். முதல் நாள் பெரியவர் அவனைத் தட்டிவிட்டார். மறுநாள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான், மறுக்கவில்லை. ஆனாலும் ஃபாரூக் இல்லாத வீட்டில் பெரியவர் என்ன செய்வாரோ, தெரியாது.

ஞாயிறன்று ஃபாரூக் வெள்ளைச் சட்டையில் போனார். பந்தி தொடங்கியும் போனைக் கையிலேயே வைத்திருந்தார். இரண்டாம் பந்திக்கு இலை போடும்போது போன் அடித்தது.

“அங்கிள், தாத்தாக்கு பாட்டில் வெச்சேன், தட்டிவிடல. நல்லாவே போனாரு. இப்ப தூங்குறாரு. நீங்க மெதுவா வாங்க.”

“சட்டையை நனைச்சிக்கிட்டியா?”

“இல்ல அங்கிள்.”

“உங்கப்பனுக்கு நீ தேவலை.”

போனைப் பாக்கெட்டில் போட்டார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வரிசையின் கடைசியைப் பார்த்து, “தம்பி, அந்த ஓரத்து இலைக்குக் கறி போகல” என்றார்.