வீரையன் மடியில் இருப்பது

பந்தியில் இலை போட்டதும் வீரையன் மடியை அவிழ்த்து ஒரு கறுப்புச் சாமானை எடுத்து இலையோரம், உப்புக்குப் பக்கத்தில் வைக்கிறான். இதுதானே உங்கள் குறை? வைக்கிறான், நானே பார்த்திருக்கிறேன். உட்காரும்போது வயிற்றில் குத்துகிறது, எடுத்து வைக்கிறான். இதனால் யார் வீட்டுச் சோறு கெட்டுப் போயிற்று? "பண்ணையார் காரோட எலும்பை மடியில கட்டிக்கிட்டுத் திரியிறான். ராஜாத்தி கழுத்துத் தாலிக்குக்கூட இந்தப் பத்திரம் கிடையாது" என்று குளத்தங்கரையில் பொன்னுத்தாய் சொல்கிறாள். வீரையன் பெண்டாட்டி ராஜாத்தியை வைத்துக்கொண்டே சொல்கிறாள். அவளாவது சிரித்துக்கொண்டு சொல்கிறாள். சங்கத்து இராஜாங்கம் சிரிக்காமல் சொல்கிறான்: "செங்கொடி புடிச்ச கை, இப்ப ஆண்டை காரைத் தொடைக்குது. கட்டி வச்சு அடிச்சவன் மவளையே ஏத்திக்கிட்டுப் போறான்."

போனான். அந்தப் பெண் இப்போது நன்னிலத்தில் ஏழாவது படிக்கிறாள். சொன்னால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பாதியை விழுங்காதீர்கள்.

வீரையனுக்கு முப்பது வயசு இருக்கும். ஆயில் எஞ்சின் ரிப்பேர் தொழில். நன்னிலத்தைச் சுற்றி எந்த வயலில் எஞ்சின் மூச்சுத் திணறினாலும் அவனுக்குத்தான் ஆள் வரும். உரச்சாக்கில் தைத்த பையில் சாமான்களைப் போட்டு சைக்கிளில் மாட்டிக்கொண்டு போவான். இடது காலைக் கொஞ்சம் சாய்த்துத்தான் மிதிப்பான். எஞ்சின் மேல் ஒரு மூங்கில் குச்சியை வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக்கொள்வான். "எஞ்சினுக்கு வியாதின்னு ஒண்ணும் இல்ல பெரியம்மா, எல்லாம் கோவந்தான். யாரு மேலேன்னு கண்டுபுடிக்கணும்" என்று என்னிடம் சொல்வான். எந்த வயலுக்குப் போகிறோம் என்று தெருவில் சொல்லாமல் சைக்கிளை எடுக்க மாட்டான். பொன்னுத்தாய் இதையும் கேலி பண்ணுவாள்: "கலெக்டரு டூர் போறாரு, குறிச்சுக்குங்கடி." அவன் கோபப்படாமல், "மேலப் பத்து, ரெண்டாவது மதகுகிட்ட" என்று அவளிடமே சொல்லிவிட்டுப் போவான்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பண்ணையார் துரைராசு மதராசில் ஒரு வெள்ளைக்காரனிடம் வாங்கியது. பந்தயத்துக்கு விடுகிற கார். சிவப்பு. தரையோடு தரையாக, படுத்த மாடு மாதிரி இருக்கும். ரெண்டே பேர்தான் உட்காரலாம். கிளம்புகிற சத்தத்தில் வயலில் இருக்கிற கொக்கெல்லாம் எழும்பிவிடும். தஞ்சாவூருக்குப் பஸ் போய்ச் சேர அரைப் பொழுது ஆன காலத்தில், அவர் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பி, நாக்கில் அந்தச் சூடு ஆறுவதற்குள் தஞ்சாவூரில் அடுத்த காப்பி குடிப்பார் என்று பேச்சு. வீரையன் அப்போது அந்தக் காரைக் கழுவித் துடைக்கிற ஆள். மூடியைத் திறந்து பண்ணையார் கை வைக்கிற இடத்தையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தே தெரிந்துகொண்டான்.

ரூபாய்க்குப் படி அரிசி என்று சொன்ன கட்சி ஜெயித்து வந்த மறு வருஷம், கூலி நெல் தகராறு. கலத்துக்கு அரைப்படி கூடக் கேட்டோம். நாங்கள் வயலில் இறங்கவில்லை. துரைராசு என்ன செய்வார், அந்தக் காரில் ஏறிப் பறந்து போய் வெளியூர் ஆளைப் பேசி லாரியில் கொண்டுவந்து இறக்குவார். நாங்கள் கூடிப் பேசி முடிப்பதற்குள் அங்கே நடவு முடிந்திருக்கும். "காரு நின்னாப் போதும், மிச்சத்தை நாம பாத்துக்கலாம்" என்று முடிவு பண்ணினோம். வீரையனைக் கூப்பிட்டு, எதையாவது எடுத்துப் போட்டுவிடு என்று சொன்னோம். நாங்கள் என்றால் நான், இராஜாங்கம், இன்னும் பத்துப் பேர். அவன் தயங்கினான். நான்தான், "ஆம்பளைதானேடா நீ?" என்று கேட்டேன்.

மறுநாள் துடைக்கிற சாக்கில் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த சின்னச் சாமான் ஒன்றை உருவினான். கட்டைவிரல் மொத்தம்தான், கறுப்பு, தலையில் ஒரு பித்தளை நாக்கு. ரோட்டார் என்று பேர். அது இல்லாவிட்டால் எஞ்சின் சுற்றும், தீப்பொறி பற்றாது. மதகடியில் வாய்க்காலில் வீசிவிட்டு வந்தான். அன்றைக்கு எங்கள் தெருவில் எல்லோருக்கும் சிரிப்பு.

நாலாம் நாள், பண்ணையார் காரை எடுப்பதற்கு முன்பே, அவன் அக்கா ராமாயி நண்டு பிடிக்கப் போனாள். கூலி இல்லாத நாளில் வேறு என்ன இருக்கிறது, நண்டும் நத்தையும்தான். வரப்பு வளையில் கையை விட்டாள். உள்ளே நல்ல பாம்பு.

பகல் நேரம். பஸ் போய்விட்டது. வீரையன் பண்ணை வீட்டு வாசலில் போய் விழுந்தான். துரைராசைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. ஆனால் இதைச் சொல்ல வேண்டும்: அந்த மனிதர் வெற்றுடம்போடு ஓடிவந்து, "ஏத்துங்கடா முதல்ல" என்று தானே காரில் உட்கார்ந்து சாவியைத் திருகினார். சுற்றியது. பற்றவில்லை. திரும்பத் திரும்பத் திருகினார். ராமாயி அவர் பக்கத்தில் சாய்ந்து கிடந்தாள். வீரையன் காரையும் பார்க்கவில்லை, அக்காளையும் பார்க்கவில்லை. மதகுக்கு ஓடி வாய்க்காலில் குதித்தான். ஆடிப் புனல் இரு கரையும் தொட்டு ஓடுகிறது. முங்கினான், மண்ணை அள்ளினான், மறுபடி முங்கினான். நாங்கள் ராமாயியை மாட்டு வண்டிக்கு மாற்றினோம். குடவாசல் தாண்டவில்லை.

இது எங்கள் தெரு முழுக்கத் தெரியும். ஒருவரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. அதனால்தான் நான் சொல்கிறேன்.

வாய்க்காலில் முங்கியதை வைத்தே கண்டுபிடித்து, பண்ணைக் காரியக்காரர் மருதையன் அவனை வண்டிக்கொட்டகைத் தூணில் கட்டிவைத்து அடித்தார். "யாரு சொல்லிடா எடுத்தே?" என்று ஒவ்வொரு அடிக்கும் கேட்டார். அவன் "தெரியாதுங்க" என்ற ஒரு சொல்லையே சொல்லிக்கொண்டிருந்தான். எங்கள் பேரைச் சொல்லியிருந்தால் என் கூரையும் இருந்திருக்காது, இராஜாங்கத்தின் கூரையும் இருந்திருக்காது. குடியிருந்த மனையெல்லாம் அப்போது பண்ணையுடையதுதானே. பிறகு சட்டம் வந்து மனை எங்கள் பேருக்கு ஆயிற்று. இராஜாங்கம் இன்றைக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுகிற அந்த மனை, வீரையன் வாயை மூடிக்கொண்டதால் அதுவரைக்கும் மிஞ்சிய மனை. வீரையனின் இடது கால் அப்போது போனதுதான்.

தகராறு ஓய்ந்தது. நில உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணை நிலம் குறைந்தது. துரைராசு தஞ்சாவூரில் வீடு பார்த்துப் போய்விட்டார். கார் கொட்டகையில் கிடந்தது, எலி குடும்பம் நடத்தியது. பண்ணை வீட்டில் அவர் தாயார் மங்களாம்பிகை அம்மாள் மட்டும். வீரையன் போய்ச் சாவி கேட்டான்.

"ஓட்டிக்கிட்டு நீ எங்கடா போகப் போறே?"

"நான் எங்கயும் போவலம்மா. அது ஓடணும்."

அந்தம்மாள் "கொடி கட்டக் கூடாது" என்று ஒரே ஒரு நிபந்தனை சொல்லிச் சாவியைக் கொடுத்தார்கள். பின்னால் சங்கத்து ஊர்வலத்துக்குக் காரைக் கேட்டபோது அவன் தரவில்லை. இராஜாங்கத்தின் கோபத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

ஒயரை மாற்றினான், டயருக்கு லாரி டயரை அறுத்து ஒட்டுப் போட்டான், எலியைத் துரத்தினான். ரோட்டார் மட்டும் கிடைக்கவில்லை. சீமையிலேயே அந்தக் காரைச் செய்வதை விட்டு வருஷம் ஆகிவிட்டதாம். அம்பாசடர் காருடையது பெரிசு, ஜீப்புடையது சின்னது. புளியங்கட்டையில் தானே ஒன்று செதுக்கிப் பித்தளைத் தகடு அடித்தான். கார் பிள்ளையார் கோவில் வரைக்கும் போயிற்று. கட்டை கருகிப் புகை வந்து நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு வந்தான். "இன்னிக்குப் புள்ளையாரு வரைக்கும் பெரியம்மா. நாளைக்குக் குடவாசல்" என்றான்.

மேட்டூரை மூடி வாய்க்கால் வறண்டதும் மதகடியில் போய் உட்கார்ந்துவிடுவான். நெல் சலிக்கிற சல்லடையில் மண்ணைச் சலிப்பான். நாலு கோடை சலித்தான். மாட்டு லாடம் கிடைத்தது, வளையல் கிடைத்தது, பக்கத்து வீட்டு அம்சத்தின் தொலைந்துபோன கொலுசுகூடக் கிடைத்தது. அது கிடைக்கவில்லை. கடைசியில் அந்த வாய்க்கால் களிமண்ணையே எடுத்து, காருக்குள் அது உட்கார்கிற இடத்தில் அழுத்தி அளவு பிடித்து, ஞாபகத்தில் இருந்தபடி ஒன்று பிடித்தான். உமித் தீயில் சுட்டான். கறுப்பாக வந்தது. அன்றையிலிருந்து அது மடியில் ஏறியது. கல்யாணமோ கருமாதியோ, வெளியூர் ஆள் வந்தால் எடுத்துக் காட்டி, "இது மாரி எங்கயாவது பாத்திருக்கீங்களா?" என்று கேட்பான். பெண் பார்க்கப் போன இடத்திலும் கேட்டான். ராஜாத்தியின் அப்பா ரயில்வே ஷெட்டில் வேலை பார்த்தவர். மாப்பிள்ளையும் மாமனாரும் அந்த மண்ணுருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே பொழுதைப் போக்கிவிட்டார்கள். "என் மூஞ்சிய நிமிந்து பாக்கலத்தே. பாத்திருந்தா வேணாம்னு சொல்லியிருக்கலாம்" என்று ராஜாத்தி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

காரைக்கால் போனான், நாகப்பட்டினம் துறைமுகம் போனான். மதராசுக்கு வைக்கோல் லாரியின் மேல் படுத்துக்கொண்டு போனான். "புதுப்பேட்டையில காருங்களை மீன் கணக்கா அறுத்துப் போட்டிருக்கான் பெரியம்மா. தலை ஒரு கடை, வாலு ஒரு கடை. நம்ம மீனுதான் இல்ல." முத்துப்பேட்டையில் மீரா சாகிபு என்று ஒருவர், குடையும் சென்ட்டும் விற்கிறவர். மச்சான் பினாங்கில் இருக்கிறார். அவர் அந்த மண்சாமானைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது என்ன, மருந்தா?" என்று கேட்டாராம். இவன் ராமாயி கதையைச் சொன்னான். ஊரில் யாரிடமும் சொல்லாதவன் அவரிடம் சொன்னான். அவர் அதைப் பஞ்சில் சுற்றிக் கப்பலில் போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். அஞ்சு மாசம் கழித்து பிஸ்கட் டப்பா ஒன்று வந்தது. உள்ளே ஆறு ரோட்டார். அஞ்சு பொருந்தவில்லை. ஆறாவது உட்கார்ந்தது.

அன்றைக்குக் கொக்குகள் எழும்பியதை ஊரே வெளியில் வந்து பார்த்தது. பொன்னுத்தாய் புருஷன் உட்பட இதுவரை பதினோரு பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறான். இருக்கையில் சாய்த்துத் தன் துண்டால் கட்டிவிட்டு, தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரி வரும்வரை பேசிக்கொண்டே போவானாம், தூங்க விடாமல். ஒன்பது பேர் பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். பெட்ரோல் டப்பா எப்போதும் நிறைந்திருக்கிறது, அதற்காகப் பீடியை விட்டுவிட்டான். காரை நிறுத்தியதும் ரோட்டாரைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வான். "ஏண்டா, அதுலயே இருக்கட்டுமே" என்று ஒரு தடவை கேட்டேன். "யாராவது எடுத்து வீசிட்டா?" என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

போன தை மாசம், உச்சிவேளை. மருதையன் எங்கள் தெருவுக்குள் வந்தார். அடித்த நாளுக்குப் பிறகு அவர் கால் இங்கே பட்டதில்லை. செருப்பு இல்லை, துண்டு கையில் இருந்தது. "வைக்கப்போர்ல பாம்பு... என் பாப்பாவ..." என்றார். "அன்னிக்கு எங்க ராமாயி போனப்ப எங்கய்யா இருந்தீரு?" என்று இராஜாங்கம் கத்தினான். நான் ஓடிப்போய் வீரையன் வீட்டு நிலைக்கட்டையில் கையை ஊன்றி வாசலை மறித்தேன். ஆமாம், நான்தான். ராஜாத்தி அப்போதுதான் சோறு போட்டிருந்தாள். ரெண்டு கவளம் தின்றிருப்பான்.

"போவாதடா. உன் காலை ஒடிச்சவன்டா அவன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அன்னிக்கு உங்க பேச்சைக் கேட்டேன் பெரியம்மா."

என் கை தானாக இறங்கியது. அவன் எழுந்தான். தட்டோரம் இருந்த அதைச் சோற்றுக் கை படாமல் இடது கையால் எடுத்து மடியில் செருகி, ஒரு தரம் தட்டிப் பார்த்துக்கொண்டு, தாழ்ந்த நிலைக்குத் தலையைக் குனிந்து வெளியே நடந்தான்.