சபைக்குக் கட்டும் வேட்டி

என் தம்பியை ஜெயிலுக்கு அனுப்பியதில் போலீசுக்குப் பாதி பங்கு, எங்கள் வீட்டு மரியாதைக்குப் பாதி பங்கு.

ஓண விடுமுறையில், கேரள எல்லையில் உள்ள எங்கள் பனச்சமூடு பஸ் நிறுத்தத்தில் நடந்த அடிதடியில், வேடிக்கை பார்க்கப் போனவனையும் சேர்த்துப் பிடித்துவிட்டார்கள். வயது பதினாறு. ஆள் மட்டும் பனை மாதிரி வளர்ந்திருந்தான். போலீஸ் அவன் வயதைப் பத்தொன்பது என்று எழுதிக்கொண்டது. அவன் போட்டிருந்தது நிக்கரும் கிழிந்த பனியனும். நாளை கோர்ட், நல்ல துணி கொண்டுவாருங்கள் என்று போன் வந்ததும், அப்பா ஞாயிற்றுக்கிழமை சபைக்குக் கட்டும் வேட்டியையும் வெள்ளைச் சட்டையையும் எடுத்தார்.

"நிக்கரே கெடக்கட்டும்பா. பாத்தா பிள்ளைன்னு தெரியட்டும்" என்றேன்.

"கோர்ட்டாக்கும் மக்கா. நிக்கரோட நின்னா நம்ம குடும்பத்தப் பத்தி என்ன நெனைப்பாவ?"

குடும்ப மானம்! வேட்டி கட்டித் தலைவாரி நின்றவனைப் பார்த்தால் கல்யாண மாப்பிள்ளை தோற்றுப்போவான். பதினாறு வயதுப் பிள்ளை என்று எங்கள் வக்கீல் சொன்னதும் மாஜிஸ்திரேட் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"இதாணோ குட்டி?" இதுவா பிள்ளை என்று அவர் மலையாளத்தில் கேட்டதும் கோர்ட்டே சிரித்தது. எங்கள் வக்கீலும் கூடச் சிரித்தார், பாவி.

பார்த்தாலே சின்னப் பிள்ளை என்று தெரிந்திருந்தால் நேரே சிறார் வாரியத்துக்கு அனுப்பியிருப்பார்களாம். சந்தேகம் வந்ததால் வயதுக்கு ஆதாரம் கேட்டார்கள். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. அம்மாவின் பிரசவம் தாய்வீட்டில், எல்லைக்கு அந்தப்பக்கம், தமிழ்நாட்டில். பிறப்புச் சான்றிதழுக்கு அங்கே அலைய வேண்டும். அதுவரை அவன் பெரிய ஆட்களோடு ஜெயிலில். சந்தேகம் இருந்தாலும் அங்கே அடைக்கக் கூடாது என்பதுதான் சட்டமாம். அதைப் பிறகு, டீ குடித்துக்கொண்டே, அதே வக்கீல் சொன்னார்.

ஓணம் முடிந்துதான் சான்றிதழ் கிடைத்தது. இந்த முறை அப்பா பள்ளிச் சீருடையைத் தேய்த்துக் கொண்டுபோனார். வாரியத்தில் இருந்த அம்மையார் அவனைப் பார்த்ததுமே, "பாவம், குழந்தையல்லவா!" என்று வீட்டுக்கு அனுப்பினார். அப்பா கும்பிட்டார். எனக்குக் கும்பிட மனம் வரவில்லை.

திரும்பும் பஸ்ஸில்தான் அவன் கையைப் பார்த்தோம். முழங்கையில் சிகரெட் சுட்ட வடு. அம்மா அழுதுகொண்டே அவன் கையைப் பிடித்தாள்.

"கைய விடு" என்று உதறினான். "நான் என்ன பிள்ளையா?"