கங்கு சுடாத கால்

ஸ்த்ராஞ்சா மலையில் எங்கள் ஊரில் என் கூட்டாளி ஸ்தாமாத்தின் காலைத் தொட்டுக் கும்பிட்டவர்கள் உண்டு. புனிதர் திருநாளில் அவர் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன் தீ மிதிப்பான். நான் மேளம் அடிப்பேன். மற்றவர்கள் விறுவிறுவென்று கடந்துவிடுவார்கள். இவன் மட்டும் கங்கின் மேல் நின்று ஆடுவான். "சுட்டுச்சாடா?" என்று கேட்டால், "தரையில நடந்த மாதிரிதான் இருந்துச்சு" என்பான். புனிதரே அவன் காலைத் தாங்குகிறார் என்று ஊர் நம்பியது. நானும்தான் நம்பித் தொலைத்தேன்.

மரம் ஏற்றும் லாரி ஓட்டிப் பிழைத்தவன் அவன். நாற்பது வயதுக்குள் பாதம் தொங்கத் தொடங்கியது. சமதரையிலேயே தடுக்கி விழுந்தான். "பிளம் சாராயத்தைக் கொறைடா" என்று கிண்டல் செய்தோம். ஒருநாள் பூட்ஸைக் கழற்றினால் உள்ளே ஆணி, பாதமெல்லாம் சீழ். அவனுக்கு வலியே தெரியவில்லை.

பர்காஸ் நகர ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப்போனேன். டாக்டரம்மா லாரிக்காரனுக்குப் புரிகிற மாதிரியே சொன்னார்.

"நரம்புக்குள்ள சரக்கு இழுக்கிற குட்டி மோட்டாருங்க இருக்கு, அதுவும் ஒருவகைப் புரதம்தான். முதுகுத்தண்டுலருந்து கால்விரல் வரைக்கும் நரம்புக்குத் தீனி அதுதான் கொண்டுபோகணும். உங்களுக்கு அது பிறவியிலேயே பழுது. பாதி வழியில நின்னுடுது. தூரத்துல இருக்கிற பாதம்தான் முதல்ல பட்டினி கிடக்கும், மரத்துப்போகும்."

"அப்ப புனிதர்?" என்றான்.

டாக்டரம்மா சீட்டை எழுதத் தொடங்கினார். "பிள்ளைங்க இருக்காங்களா? அவங்களுக்கும் பாதிக்குப் பாதி வரலாம். கூட்டிட்டு வாங்க."

அவனுக்கு ஒரே மகள், கெரானா. பதினாறு வயது. "கூட்டிட்டுப் போடா" என்று நச்சரித்தேன்.

"அவ ஓடுறா, ஆடுறா. அவளுக்கு ஒண்ணும் இல்ல. திருநாள் முடியட்டும்."

வெறும் பயம், வேறொன்றுமில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

திருநாளன்று அவன் ஊன்றுகோலோடு ஓரமாக நின்றான். பொழுது சாயக் கங்குகளைப் பரப்பினார்கள். கெரானா செருப்பை உதறிவிட்டு, புனிதர் படத்தை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். அப்பனைப் போலவே நின்று ஆடினாள். கூட்டம் சிலுவைக்குறி போட்டது.

வெளியே வந்தவள் அவனிடம் ஓடினாள். "சுடவே இல்லப்பா. தரையில நடந்த மாதிரிதான் இருந்துச்சு."

மேளத்தின் மேல் என் கை தானாக நின்றுவிட்டது.

ஸ்தாமாத் தரையில் உட்கார்ந்து அவள் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி உள்ளங்காலில் அழுத்தினான். ரத்தம் துளிர்த்தது. அவளோ கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் மாமா நிறுத்திட்டீங்க? அடிங்க" என்றாள் என்னிடம்.

அடித்தேன்.