தெரு ஒதுக்கிய பங்கு

உப்பு கருகினால் ஒரு வாசனை வரும். அடுப்பில் கருகுவது வேறு. மின்சாரத்தில் கருகுவது வேறு.

எங்கள் ஊரில் இரும்பு என்று எதையும் நம்பி வைக்க முடியாது. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், மின்விசிறியின் நட்டு, எல்லாவற்றையும் கடல் காற்று நக்கி நக்கித் தின்றுவிடும். என் பழைய லேப்டாப்பையும் தின்றிருந்தது. மகள் ஏதோ பழைய போட்டோ கேட்டாள் என்று போன வாரம் அதை எடுத்து வயரைச் செருகினேன். உள்ளே இருந்த விசிறி இளைப்புக்காரனைப் போல இழுத்து இழுத்து மூச்சு விட்டது. பக்கவாட்டு ஓட்டை வழியாக வந்தது அந்த வாசனை. சூடான தகரத்தில் உப்புத்தூசி வேகிற வாசனை, கூடவே கொஞ்சம் கருவாட்டு ஈரம். அவ்வளவுதான், நான் மறுபடியும் முன்னறை மேசையில் உட்கார்ந்திருந்தேன். பனியன் முதுகில் ஒட்டிக் கிடக்கிறது. தெருவில் வெயில் ஆளை அடிக்கிறது. மனைவி ஆஸ்பத்திரி டூட்டியில். நானோ, பனி கொட்டும் ஏதோ ஒரு தேசத்தில் தண்ணீர்க் குழாய் உறைந்துபோகாமல் காப்பது எப்படி என்று ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதுதான் என் பிழைப்பாக இருந்தது.

பனியை நான் பார்த்ததில்லை. மீனுக்கு உடைக்கிற ஐஸ் பார்தான் எனக்குத் தெரிந்த பனி. அதை மனதில் வைத்துக்கொண்டே கம்பளிக் கோட்டு வாங்குவது பற்றி எழுதினேன். குளிர்காலத்தில் நாய்க்குச் செருப்பு வேண்டுமா என்று எழுதினேன். முகம் தெரியாத ஒருவர் மெயிலில் தலைப்பு அனுப்புவார். நான் எழுதி அனுப்புவேன். யாரோ ஒரு பெயரில் அது வெளிவரும். துறைமுகத்துக்குப் போகிறவன் ஷிப்ட் பார்த்துப் போகிறான், கடலுக்குப் போகிறவன் காற்றைப் பார்த்துப் போகிறான். நான் எங்கேயும் போகவில்லை. "வேலைக்குப் போகலியா?" என்று கேட்கிறவர்களிடம் "வேலைலதான் இருக்கேன்" என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

அது கூலி எழுத்து. எனக்கென்று ஓர் எழுத்தும் இருந்தது. தமிழில் ஒரு பிளாக். இன்றைக்கு மேற்கேயிருந்து கச்சான் காற்றா, கிழக்கேயிருந்து கொண்டலா. ஏலத்தில் என்ன மீன் விழுந்தது. எந்தத் தெருவைத் தோண்டிப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். கோயில் மணி ஏன் இன்று பிந்தி அடித்தது. இவ்வளவுதான் எழுதுவேன். எங்கள் தெருவில் அநேகமாக வீட்டுக்கு ஒருவன் கப்பலில் இருக்கிறான். அவர்களுக்காகத்தான். எங்கோ ஓர் அந்நியத் துறைமுகத்தில் கப்பல் நிற்கும்போது போனுக்கு சிக்னல் வரும். மொத்தமாக இறக்கி வைத்துக்கொண்டு நடுக்கடலில் படிப்பார்கள். "நேத்து பிரேசில் தாண்டி உங்க கச்சான் அடிச்சிச்சு அண்ணாச்சி" என்று ஒருவன் எழுதியிருந்தான். அந்த ஒரு வரியைச் சப்பிக்கொண்டே நான் பல நாள் திரிந்தேன். வரியைக் கொடுத்து அரிசி வாங்க முடியாது என்பது வேறு விஷயம்.

பிளாக்கின் ஓரத்தில் விளம்பரக் கட்டம் ஒன்று உண்டு. படிக்க வருகிறவர் நிஜமாகவே ஆசைப்பட்டு அதை அமுக்கினால் எனக்குச் சில்லறை விழும். சில்லறை சேர்ந்து ஓர் அளவைத் தொட்டால் விளம்பரக் கம்பெனி பேங்குக்கு அனுப்பும். நடுக்கடலில் படிக்கிறவர்களுக்கு அந்தக் கட்டம் திறக்காது. அதனால் அது தொடுகிற நாள் எப்போதாவதுதான் வரும், பெருமழை மாதிரி.

பிறகு இயந்திரம் எழுத ஆரம்பித்தது. தலைப்பு அனுப்புகிறவர் ரொம்ப மரியாதையாக மெயில் போட்டிருந்தார். இனி எழுத வேண்டாம், இயந்திரம் எழுதியதை மனிதன் எழுதியது மாதிரி திருத்திக் கொடுத்தால் போதும் என்று. திருத்தினேன். அதற்கும் பனி தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அதற்கு வியர்க்கவில்லை. கொஞ்ச நாளில் திருத்தவும் தேவையில்லை என்றாகிவிட்டது. மெயில் பெட்டியைத் திறந்தால் நான் கேட்காத கடன்களும் நான் வெல்லாத பரிசுகளும்தான் கிடந்தன.

அந்தச் சமயத்தில்தான் மனைவிக்கு மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை வந்தது. சென்னை ஏஜென்ட் விடாமல் போன் பண்ணிக்கொண்டிருந்தார்.

"போகணும்னு எனக்கென்ன ஆசையா?" என்றாள். கறிவேப்பிலையை உருவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல். "மாதா கோயில் கொடியேத்தத்துக்குள்ள பதில் சொல்லணுமாம்."

"அதுக்குள்ள பிளாக்குல ஏதாச்சும் வந்துரும்."

"எப்படி வரும்?"

"முழு நேரமும் அதுலயே எறங்கப் போறேன்."

"அப்போ இவ்வளவு நாளும் பாதி நேரம் எங்க போயிருந்திய?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "கேஸும் பிள்ளைக்கு பள்ளிக்கூட ஃபீஸும் அதுல வந்துட்டா போதும். மிச்சத்த என் சம்பளத்துல பாத்துக்கிடலாம். நான் போகல."

கேஸ், ஃபீஸ். இரண்டே சொல்லில் எங்கள் வீடு நின்றது.

நான் எழுதினேன். அப்படி எழுதியதில்லை அதற்கு முன்னும் பின்னும். உப்பளத்து வெள்ளைக் குன்றுகள் மழைக்குப் பயந்து தார்ப்பாய் போர்த்திக்கொள்வதை எழுதினேன். சங்கு குளிக்கப் போகிறவன் கரையேறியதும் காதைத் தட்டித் தட்டி வெளியேற்றும் கடலை எழுதினேன். நிலக்கரிக் கப்பல் வந்த நாளில் கொடியில் காயும் வெள்ளைச் சட்டைகளின் கதியை எழுதினேன். எத்தனை பேர் வருகிறார்கள் என்று காட்டும் கோடு மட்டும் தரையோடு தரையாகப் படுத்தே கிடந்தது. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதைத்தான் முதலில் பார்ப்பாள். "இன்னும் எந்திரிக்கலப்பா" என்பாள், படுக்கையில் கிடக்கும் நோயாளியைச் சொல்வது போல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்துவிட்டது.

"அப்பா! வைரல் ஆயிட்டோம்!" என்று கத்தினாள். ஓடிப் போய்ப் பார்த்தேன். கோடு செங்குத்தாக ஏறி நிற்கிறது. மறுநாளும் இறங்கவில்லை, அதற்கு மறுநாளும். விளம்பரக் கட்டத்தில் மட்டும் அத்தனை அமுக்கல். எது பிடித்தது இவர்களுக்கு, உப்பா, சங்கா, நிலக்கரியா என்று நான் என் வரிகளையே திரும்பத் திரும்பப் படித்தேன். எல்லாமே நன்றாக இருப்பது போலத் தோன்றியது. கர்வம் வந்தால் நம் எழுத்து எவ்வளவு அழகாகிவிடுகிறது. மலிவான சாளை மீன் வாங்கப் போன நான் விலை கூடின சீலா வாங்கி வந்தேன். மனைவி ஏஜென்ட்டிடம் போனில், "கொஞ்சம் பொறுங்க சார், வீட்ல பேசிக்கிட்டு இருக்கோம்" என்று சொல்வது கேட்டது. பேச்சு முடிந்து, அடுப்படியில் அவள் பாடினாள். கோயில் பாட்டுதான். ஆனாலும் பாடினாள்.

கம்பெனியின் மெயில் அந்த வாரக் கடைசியில் வந்தது. உங்கள் பக்கத்தில் முறையற்ற அமுக்கல்கள் நடந்திருக்கின்றன, கணக்கு நிரந்தரமாக மூடப்படுகிறது, சேர்ந்த பணம் தரப்படாது. கீழே கையெழுத்து இல்லை. திட்டுவதற்காவது ஒரு பெயர் வேண்டாமா? பிளாக்கைத் திறந்து பார்த்தேன். விளம்பரம் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கட்டம். சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றினால் தெரியுமே, அது மாதிரி.

யார் செய்திருப்பார்கள், யாருக்கு என் மேல் என்ன பகை என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எதிர்வீட்டு மயினி வந்தாள். சொந்தம் இல்லை, அண்ணி முறை வைத்துத் தெருவே அவளை மயினி என்றுதான் கூப்பிடும். அவள் வீட்டில் ஒரு மீன்பிடி போட்டு ஓடுகிறது. கையில் தட்டு, தட்டில் பொரித்த நகரை மீன்.

"என்ன கொழுந்தனாரே, பங்கு சேந்துச்சா?" என்றாள்.

"என்ன பங்கு மயினி?"

"கேக்காரு பாரு ஒண்ணுந் தெரியாதவரு! உங்க பொஞ்சாதி தண்ணி பிடிக்கும்போது சொன்னா. அந்த விளம்பரத்த அமுக்குனாத்தான் உங்களுக்குக் காசாமே. இத மொதல்லயே சொல்லதுக்கென்ன? பூசை முடிஞ்சதும் கோயில் வாசல்லயே எல்லாப் பொம்பளைங்க போனையும் வாங்கி நானே உங்க பக்கத்தத் தொறந்து குடுத்தேன். எங்க வீட்டு ஆளு போட்டுக்காரங்க குரூப்புல பேசிப் போட்டுட்டாரு, வீட்டுக்குப் பத்து அமுக்காவது அமுக்கணும்னு. லாரி டயரு, முடி கொட்டாத எண்ணெய், கோயம்புத்தூர்ல பிளாட்டு, ஒண்ணையும் விடல. எங்க அத்தைக்குக் கண்ணு தெரியாது, அவுக வெரலப் பிடிச்சு நான் அமுக்க வச்சேன்."

எனக்குப் புரிந்தது.

எங்கள் கரையில் ஒரு பழக்கம் உண்டு. கடலில் ஒருவன் வலையைப் பறிகொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினால், அன்றைக்குக் கரை சேருகிற ஒவ்வொரு போட்டும் அவனுக்கென்று ஒரு கூடை மீன் தனியாக ஒதுக்கும். கேட்க வேண்டியதில்லை. நன்றி சொல்லவும் கூடாது, நாளைக்கு இன்னொருவனுக்கு நீ ஒதுக்கினால் போதும். வலையைப் பறிகொடுத்தவன் என்று என்னை இந்தத் தெரு கண்டுகொண்டிருக்கிறது. ஒதுக்கிவிட்டது. இத்தனை நாள் வேலைக்குப் போகலியா என்று கேட்டவர்கள்தான்.

அமுக்கச் சொல்லக் கூடாது, ஆள் சேர்த்து அமுக்கினால் கணக்கை மூடிவிடுவார்கள் என்பது மனைவிக்குத் தெரியாது. நான் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை. தண்ணீர்க் குழாயடியில் அவள் ஆற்றாமைக்குச் சொன்ன ஒரு வார்த்தை.

"சேந்துச்சு மயினி" என்றேன்.

"அப்போ உங்க பொஞ்சாதி போக மாட்டால்லா?"

அடுப்படி நிலைப்படியில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். மெயில் வந்த விஷயத்தைக் கொஞ்சம் முன்னால்தான் அவளிடம் சொல்லியிருந்தேன். மயினி சொன்னது முழுவதையும் கேட்டுவிட்டாள் என்பது அவள் கையைப் பார்த்தாலே தெரிந்தது. ஈரமே இல்லாத கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு வந்து தட்டை வாங்கி, மீனை எடுத்து வைத்துவிட்டு, தட்டை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்று கொஞ்சம் சீனியைப் போட்டுக் கொடுத்தாள். "பாப்போம் மயினி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

கம்பெனிக்கு முறையீடு எழுதினேன். இவர்கள் திருடர்கள் இல்லை, எங்கள் கடற்கரையில் வலை இழந்தவனுக்குப் பங்கு ஒதுக்குவார்கள், அவர்கள் செய்தது அதுதான் என்று எழுதினேன். நான் எழுதியதிலேயே நல்ல ஆங்கிலம் அதுவாகத்தான் இருக்கும். எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றி அந்த பாஷையில் எழுதியது அது ஒரு தடவைதான். அனுப்பிவிட்டு டீ குடிக்க எடுத்தேன். டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. முதலில் வந்த மெயிலின் அதே வரிகள், ஒரு எழுத்து மாறாமல். படித்தது மனிதன் இல்லை. மனிதன் படித்திருந்தால் மட்டும் என்ன?

அன்று மத்தியானம் கடற்கரைப் பக்கம் நடந்தேன். கச்சான் மண்ணை வாரிக் கண்ணில் அடித்தது. தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் எதையோ தூக்கி எதையோ இறக்கிக்கொண்டிருந்தன. எல்லோருக்கும் தூக்க ஏதோ இருக்கிறது. பிளாக்கில் காற்றைப் பற்றி எழுதலாம் என்று போனை எடுத்தேன். கச்சான் என்று தட்டினேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. இன்றுவரை அந்தப் பக்கத்தின் கடைசிச் சொல் அதுதான். இப்போது ஒரு ஆபீசில் கன்டெய்னர் எண்களைத் தட்டுகிறேன். அதில் சொல்லே இல்லை.

கொடியேற்றத்துக்கு முன்பே மனைவி ஏஜென்ட்டிடம் வருவதாகப் பதில் சொல்லிவிட்டாள். என்னைக் குற்றம் சொல்லவில்லை. தன்னையும் சொல்லிக்கொள்ளவில்லை. பெட்டியில் கருவாட்டுப் பொட்டலத்தை வைத்து, எடுத்து, மணக்குமே என்று மறுபடி வெளியில் வைத்து, கடைசியில் வைத்தே விட்டாள். நான் ஒரு வார்த்தை, போகாதே என்று, சொல்லியிருக்கலாம். கேஸ் என்று ஒரு சொல், ஃபீஸ் என்று ஒரு சொல். என் சொல்லுக்கு அவற்றின் கனம் இல்லை.

சாயங்கால ரயில். கீழூர் ஸ்டேஷனில் தெருவே வந்து நின்றது. ஏஜென்ட்டின் ஆள் சென்னையில் வந்து கூட்டிக்கொள்வான், நான் கூடப் போனால் இரட்டைச் செலவு. மகள் அம்மாவின் கையை ஜன்னல் கம்பிக்கு நடுவே பிடித்துக்கொண்டு, அழ மாட்டேன் என்று முகத்தை எங்கேயோ திருப்பி வைத்திருந்தாள். ஜன்னல் கம்பியும் துரு. அது அவள் விரலில் ஒட்டியது.

மயினி ஜன்னலை முட்டிக்கொண்டு நின்றாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"ஏளா, ஒண்ணுக்கும் கவலப்படாம போ. பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன். ரெண்டு வருசம் கண்ண மூடித் தொறந்தாப் போயிரும். அதுக்குள்ள இவருக்கும் நல்லா சேந்துரும், நாங்க விடாம அமுக்கிட்டுத்தான இருக்கோம். இப்பல்லாம் படம் ஒண்ணும் வரதில்ல, வெள்ளையா ஒரு கட்டந்தான் வருது. இருந்தா என்ன, அதையும் தெனம் அமுக்குதேன்."

"சரி மயினி" என்றாள் மனைவி. "நல்லாருங்க."

வண்டி அசைந்தது. ஜன்னலோடு நானும் நடந்தேன். கேஸ் புக் பண்ணும் நம்பர், மகளின் இருமல் மருந்து, மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குவது, எல்லாம் ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தாள். இனிச் சொல்ல ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன். பிளாட்பாரத்தில் கையாட்டிக்கொண்டிருந்த மயினியை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, கம்பியில் முகத்தை வைத்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அவுகட்ட சொல்லிராதிய. பாவம்."